ஐந்நூற்று இருபத்தைந்து கோடுகள்

அத்தியாயம் 3

திருத்தணியில் வழுக்கைத் தலையோடு வாழ்வதில் ஒரு வசதி உண்டு. யாரும் பரிதாபப்பட மாட்டார்கள். "என்ன வேண்டுதலுங்க?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். வேடியப்பன் அதற்கென்று சில பதில்களைத் தயாராக வைத்திருந்தான். அன்று காலை பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியவரிடம், "பொண்ணுக்கு வரன் அமைஞ்சா முடி குடுக்கறதா வேண்டிகினேன்" என்று சொல்லிவிட்டு மாடியேறினான். அவனுக்குப் பெண் கிடையாது. பெண் பிறக்கத் தேவையான கல்யாணமும் ஆகவில்லை.

செருப்புக் கடைக்கு மேலே ஒற்றை அறை. 'ஜெமிமா துப்பறியும் நிலையம்' என்று பலகை. ஜெமிமா டெலிவிஷன் ரிலே ஸ்டேஷனில் என்ஜினியராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். வேடியப்பன் முன்னாள் கேபிள் ஆபரேட்டர். வீட்டுக்கு வீடு டிஷ் வந்து அவன் தொழிலை முடித்தது. மிச்சமிருந்த அவனை ஜெமிமா முடித்துக்கொண்டிருந்தாள். இது அவனே எல்லாரிடமும் சொல்லிக்கொள்வது.

ஜெமிமா, எந்த நாட்டுக் கேசட்டும் ஓடும் ஆபீஸ் பிளேயரை இணைத்த பழைய பெட்டி டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். திரையில் வெளிர்நீலச் சுவருக்கு முன்னால் ஒரு இளைஞன், கழுத்துவரை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி உறைந்து நின்றான்.

"நேத்து வந்த அம்மாவோட கேசட்டா மேடம்?"

"ஆங். உக்காரு. கொஞ்ச நேரம் சிரிப்பு காட்டாத."

நேற்று வந்தவர் மார்த்தாள். எழுபதைத் தாண்டியவர், தேவாலயத் தெருவில் தனியாக இருப்பவர். இதயத்தில் வால்வு பழுது. வேலூரில் உடனே ஆபரேஷன் செய்யச் சொல்லியாயிற்று. மகள் ஜெபசெல்வி அரக்கோணத்திலிருந்து காரோடு வந்து அழைத்துப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே திரும்பிப் போயிருந்தாள். மார்த்தாள் ஊரை விட்டு அசையமாட்டேன் என்கிறார். காரணம், அமெரிக்காவில் இருக்கும் மகன் டேவிட்சன்.

"நான் ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப அவன் வந்துட்டா? தெருவுல நின்னுகினு இருப்பானேம்மா!" என்று மார்த்தாள் கேட்டிருந்தார். "எங்க இருக்கான்னு கண்டுபுடிச்சு ஒரு தகவல் மட்டும் சொல்லிடு. அப்புறம் எந்தக் கத்தியில வேணாலும் படுக்கறேன்."

டேவிட்சனைப் பற்றி அவரிடம் இருந்தது இந்த ஒரு வீடியோ கேசட்தான். 1997 பொங்கலன்று வந்தது. ஜெமிமா பொத்தானை அழுத்தினாள். உறைந்திருந்த வாய் பேசியது.

"அம்மா, நான் அமெரிக்கா வந்துட்டேன். வேலை கெடைச்சிடுச்சு. பேப்பர்லாம் இன்னும் சரியாகல. அதனால லெட்டர் போட மாட்டேன், போனும் பண்ண மாட்டேன். யாரும் தேடாதீங்க. சரியானதும் நானே சொல்லி அனுப்பறேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மகனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அம்மா சந்தேகப்படவில்லை. தெருவும் சந்தேகப்படவில்லை. ஏனென்றால் அந்தக் கேசட்டை அந்தக் காலத்தில் ஊரில் எந்த வீட்டு வி.சி.ஆரில் போட்டாலும் படம் கறுப்பு வெள்ளையில் உருண்டது. நம்ம ஊர்ப் பெட்டியில் ஓடாத கேசட் அமெரிக்காவிலிருந்துதானே வந்திருக்க முடியும்? எல்லா நாட்டுக் கேசட்டும் ஓடுகிற பிளேயர் ஒன்று டேவிட்சனின் சிநேகிதன் பரந்தாமனிடம் இருந்தது. வீடியோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அந்தப் பிளேயரைத் தூக்கிக்கொண்டு போய் மார்த்தாள் வீட்டில் படம் போட்டுக் காட்டுவார்.

"நம்ம ஊர் படத்துக்கு 625 கோடு, செகண்டுக்கு அம்பது துடிப்பு. பி.ஏ.எல்., பால்னு பேரு" என்றாள் ஜெமிமா. "அமெரிக்காவுக்கு 525 கோடு, அறுபது துடிப்பு. என்.டி.எஸ்.சி."

"ஆளு ஒல்லி, ஆட்டம் ஜாஸ்தி."

"இது அமெரிக்கா சிஸ்டம்தான், அதுல சந்தேகமில்ல. லேபிளைப் படி."

வேடியப்பன் கேசட் உறையை எடுத்துப் படித்தான். "டேவிட்சன். அமெரிக்கா. 14-1-1997. 480i. சரியாத்தானே மேடம் இருக்குது? அதுவும் அதே சிஸ்டத்துக்கு இன்னொரு பேருதானே?"

"525 எப்படி 480 ஆச்சு?"

"கொஞ்சம் கோடு படத்துக்கு உதவாது. கீழேருந்து மறுபடி மேல போற நேரத்துல செலவாயிடும். கண்ணுல படறது 480தான். கம்ப்யூட்டர்காரங்க அதை மட்டும் எண்ணிப் பேரு வெச்சாங்க. கல்யாணத்துக்கு வந்தவங்களை உட்டுட்டு சாப்ட்டவங்களை மட்டும் எண்ற மாதிரி."

"கரெக்ட். அந்தப் பேரு நம்ம கடைத்தெருவுக்கு எப்ப வந்தது?"

வேடியப்பன் வழுக்கையைத் தடவினான். யோசிக்கும்போது அங்கே ஏதாவது முளைக்கும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. "டிவிடி வந்தப்புறம். பழைய கேசட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்த ஆரம்பிச்சப்ப. ரெண்டாயிரத்து ஏழு, எட்டு இருக்கும்."

சொல்லிவிட்டு லேபிளை மறுபடி பார்த்தான். தேதி 1997. பேர் அதற்குப் பத்து வருஷம் பிந்தியது.

"மேடம்! இது அமெரிக்காவுல எழுதின லேபிள் இல்ல!"

"அது மட்டுமில்ல. நம்ம ஊர்ல லேபிள்ல சிஸ்டம் பேரு எழுதற ஆளு யாரு? மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு, தேதி. அதோட முடிஞ்சிடும்."

ஒரே ஒருவர்தான் எழுதுவார் என்பது வேடியப்பனுக்குத் தெரியும். கேபிள் தொழிலில் இருந்த எல்லாருக்கும் தெரிந்த கதை அது. பரந்தாமன் ஒரு காலத்தில் யாரோ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கேமராவை ஆசையாக வாங்கினார். அதை வைத்துக்கொண்டு பள்ளிப்பட்டில் ஒரு நெசவாளர் வீட்டுக் கல்யாணத்தை எடுத்தார். கேசட்டை வீட்டில் போட்டால் பொண்ணு நிறமில்லாமல் உருண்டுகொண்டே தாலி வாங்கினாள். பொண்ணின் தாய்மாமன்கள் வேன் பிடித்து வந்து பரந்தாமனை உருட்டினார்கள். அன்றைக்குப் பிடித்த பயம், கையில் கிடைக்கிற கேசட்டிலெல்லாம் சிஸ்டம் பேரை எழுதிவிடுவார்.

"அப்ப அவருதான் திருடன்" என்றான் வேடியப்பன். "வாங்க, போய் அமுக்கிடலாம்."

"இரு. டேவிட்சனைப் பாக்காத. பின்னால சுவரைப் பாரு."

படம் மறுபடி ஓடியது. நீலச் சுவர் சன்னமாகத் துடித்தது.

"டியூப்லைட்ல சோக்கு போயிருக்கும்."

"சோக்கு போனா நெனச்சப்பதான் மின்னும். இது ஒரே சீரா அடிக்குது. அமெரிக்காவுல கரண்டுக்கும் அறுபது, கேமராவுக்கும் அறுபது. ரெண்டும் சேந்து நடக்கும், சுவர் சும்மா நிக்கும். நம்ம கரண்ட் அம்பது. அறுபது கேமராவை அம்பது வெளிச்சத்துல வெச்சா கால் பின்னிக்கும். சுவர் துடிக்கும்."

வேடியப்பன் திரையையே பார்த்தான். "அப்ப கேமரா மட்டும்தான் அமெரிக்கா."

"வெளிச்சம் அமெரிக்கா இல்ல."

"லண்டனா இருக்கலாம் மேடம். துபாயா இருக்கலாம்." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். அடுத்து வாயில் வந்த பேர் நம்ம மின்சார வாரியம். அதைச் சொன்னால் ஜோக் மாதிரி இருக்கும், ஆனால் சிரிக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது.

* * *

பரந்தாமன் ஸ்டூடியோ சித்தூர் ரோட்டில் இருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் விசைத்தறி ஓடியதால் சுவரெல்லாம் லேசாக அதிர்ந்தது. பாஸ்போர்ட் போட்டோவும் பிளக்ஸ் பேனரும்தான் இப்போது வியாபாரம். ஆனாலும் ஒரு சுவர் முழுக்கப் பழைய கேசட்டுகள் அடுக்கியிருந்தன.

"வாங்கம்மா. வா வேடி. இன்னா, இந்த வருஷமும் மொட்டையா?"

"போன வருஷத்து மொட்டைண்ணா. அவசரமா வளராது."

வேடியப்பன் ரேக் பக்கம் போனான். உயரமில்லாததால் கீழ்த்தட்டிலிருந்து ஆரம்பித்தான். மேலே போகப் போக, அந்த அமெரிக்கா கேமராவில் எடுத்த கேசட்டுகளின் லேபிளில் பேர் மாறிக்கொண்டே வந்தது. முதலில் 'அமெரிக்கா சிஸ்டம்' என்று வெறும் தமிழில். அடுத்த தட்டில் 'என்.டி.எஸ்.சி.' அதற்கு மேல் '525/60'. கடைசித் தட்டில் '480i'. ஒரே கேமரா, ஒரே சரக்கு. மனுஷனுக்குத் தெரியவரத் தெரியவரப் பேரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மரத்தின் வளையத்தை எண்ணுவது போல இவர் லேபிளை வைத்தே வருஷம் சொல்லிவிடலாம். தொண்ணூற்றேழாம் வருஷத்துக் கேசட்டுகள் எல்லாமே கீழ்த்தட்டில், 'அமெரிக்கா சிஸ்டம்' என்ற பேரோடு இருந்தன.

ஜெமிமா கைப்பையிலிருந்து மார்த்தாளின் கேசட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

பரந்தாமன் முகம் மாறவில்லை. "ஒரிஜினல் பூஞ்சை புடிச்சுடுச்சும்மா. அப்புறம் நான்தான் காப்பி போட்டுக் குடுத்தேன். பழைய லேபிளைப் பாத்து எழுதினேன்."

"தேதியைப் பழசா எழுதினீங்க. சிஸ்டத்தை மட்டும் ஏன் புதுசா எழுதினீங்க?"

"கை எழுதிடுச்சும்மா."

"அந்தச் சுவர் எங்க இருக்குதுங்க?"

பரந்தாமனின் கண் ஒரு தடவை உள்ளறைப் பக்கம் போய் வந்தது. வேடியப்பன் உள்ளே போனான். போட்டோ எடுக்கத் தொங்கவிட்டிருந்த பச்சைத் துணியைத் தூக்கினான். பின்னால் சுண்ணாம்பு உதிர்ந்த வெளிர்நீலச் சுவர். மேலே பட்டி வைத்த பழைய டியூப்லைட்.

அவனுக்குத் தலைக்கு ஏறியது. திரும்பி வந்து மேஜையைக் குத்தினான். "ஏங்க, வெக்கமா இல்ல உங்களுக்கு? வருஷா வருஷம் போய் உக்காந்து கேக்கு தின்னுகினு, ஒரு வயசானவங்களை இப்படி ஏமாத்திகினு! எங்கய்யா அந்தப் பையன்? அவனை இன்னா பண்ணே?"

"வேடியப்பன்" என்றாள் ஜெமிமா.

"உடுங்கம்மா, கேக்கட்டும்" என்றார் பரந்தாமன். "எவனாவது ஒருத்தன் கேப்பான்னுதான் உக்காந்துகினு இருந்தேன். இவ்ளோ லேட்டா வருவான்னு நெனைக்கல."

விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே அவர் மெதுவாகப் பேசினார். குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"பம்பாய் ஏஜென்ட் மூலமா கள்ளத்தனமா கப்பல்ல போறதா ஏற்பாடு. போய்ச் சேர எத்தினி மாசமாகும்னு தெரியாது, எழுதவும் முடியாது. 'எங்கம்மா தாங்க மாட்டாங்கடா'ன்னான். அவனேதான் யோசனை சொன்னான். 'உன்கிட்ட அமெரிக்கா கேமரா இருக்குது. நான் போய்ச் சேந்த மாதிரி இப்பவே பேசிடறேன். பொங்கலுக்குக் குடுத்துடு'ன்னான். ஸ்வெட்டர் என்னுது. வேர்த்து ஊத்துது அவனுக்கு. ரெண்டு பேரும் சிரிச்சு சிரிச்சு, எடுத்ததையே திருப்பித் திருப்பி எடுத்தோம்."

"அவனே எடுத்ததா?" வேடியப்பன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"பம்பாய் லாட்ஜுலயே மஞ்சக் காமாலை வந்துடுச்சு. கப்பலை அவன் கண்ணால கூடப் பாக்கல. சட்டைப் பையில என் கடை போன் நம்பர் இருந்திருக்குது, கூப்ட்டாங்க. பதறிகினு கெளம்பினேன். போறதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டாங்க. எந்தக் குழின்னு காவக்காரன் காட்டினான். ஒரு பிடி மண்ணு அள்ளிப் போட்டேன். ரயில்ல வர்றப்ப முழுக்க, எப்படிச் சொல்றதுன்னு வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துகினு வந்தேன்."

அவர் கேசட்டைத் திருப்பி வைத்தார்.

"கெளம்பற அவசரத்துல, எதுக்குப் போறேன்னு என் சம்சாரம் பத்மா கிட்ட சொல்லல. அமெரிக்காவுலேருந்து கேசட் வந்திருக்குது, பொங்கலுக்குக் குடுக்கணும்னு முன்னாடியே அவகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். அவ சொன்ன சொல்லு தவறாம குடுத்துட்டா. நான் வந்து தெரு முனையில எறங்கறேன், மார்த்தாம்மா தட்டு நெறைய மைசூர்பாக்கு வெச்சுகினு வீடு வீடா குடுத்துகினு வராங்க. 'உன் சிநேகிதன் அமெரிக்காவுல வேலையில இருக்கான் நைனா'ன்னு என் கையிலயும் ஒண்ணு வெச்சாங்க."

"நீங்க?"

"தின்னேன்ம்மா."

வேடியப்பன் தரையைப் பார்த்தான்.

"அன்னிக்கு சொல்லல. அடுத்த நாள் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அடுத்த நாள்னு ஒண்ணு வரவேயில்ல." பரந்தாமன் எழுந்து பீரோவைத் திறந்து, துணியில் சுற்றிய இன்னொரு கேசட்டை எடுத்தார். "அவன் ரெண்டு எடுத்தான். இது ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னாடி குடுக்கச் சொன்னது."

"இதுல என்ன சொல்றான்?"

"அம்மா, பேப்பர்லாம் சரியாயிடுச்சு, அடுத்த மாசம் வரேன்னு சொல்றான். இதை நான் எந்த மாசம் குடுப்பேன், சொல்லுங்க."

ஜெமிமா அந்தக் கேசட்டை மறுபடி துணியில் சுற்றினாள். பிறகு, "வாங்க, போலாம்" என்றாள்.

"ஆபரேஷன் முடியட்டும்மா. கால்ல வேணாலும் உழறேன்."

"மேடம், அவரு சொல்றது நியாயந்தான்" என்றான் வேடியப்பன். கொஞ்ச நேரத்துக்கு முன் மேஜையைக் குத்தியவன் அவன்தான் என்பது அவனுக்கே மறந்துவிட்டது. "அந்த நெஞ்சு இதைத் தாங்காது."

"சொல்லலைன்னா ஆபரேஷனே கெடையாது. பையன் வருவான்னு வாசலைப் பாத்துகினே செத்துப்போவாங்க. அவன் எங்க இருக்கான்னு என்கிட்ட கேட்டாங்க. இருக்கற இடம் தெரிஞ்சுபோச்சு. நான் மறைச்சா, ரெண்டாவது பரந்தாமன் ஆயிடுவேன்." அவள் பரந்தாமனிடம் திரும்பினாள். "ஆனா சொல்ல வேண்டியது நீங்கதான்."

* * *

பிளேயரை வேடியப்பன்தான் சுமந்தான். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மார்த்தாள் அதைப் பார்த்துவிட்டு, "கிறிஸ்துமஸ் இன்னும் வரலையே நைனா?" என்றார் பரந்தாமனிடம். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். கீரையைக் கீழே வைத்தார்.

பரந்தாமன் சொன்னார். ரயிலில் சொல்லிப் பார்த்த வாக்கியம் எதுவும் அவருக்கு உதவவில்லை. முன்னும் பின்னுமாக, கேமராவில் ஆரம்பித்து, காமாலைக்குப் போய், ஸ்வெட்டருக்குத் திரும்பி, மண்ணில் முடித்தார். வேடியப்பன் மார்த்தாளின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்தான். ஏறியது. இறங்கியது.

மார்த்தாள் அழவில்லை. "அந்த ரெண்டாவதைப் போடு" என்றார்.

நீலச் சுவர் துடித்தது. இளைஞன் சொன்னான்: "அம்மா, எல்லாம் சரியாயிடுச்சு. அடுத்த மாசம் வரேன். அழாதீங்க, நான் வந்தப்புறம் அழுங்க." அதோடு முடிய வேண்டியது. கேமராவை நிறுத்த மறந்திருக்கிறார்கள். டேவிட்சன் ஸ்வெட்டரைத் தலைவழியாக உருவிக்கொண்டே, "டேய் பரந்தாமா, புழுக்கம் தாங்கலடா! எங்கம்மா இதை நம்புவாங்களா?" என்று வாய்விட்டுச் சிரித்தான். பிறகு வெறும் சுவர்.

"நம்பினேன்டா" என்றார் மார்த்தாள், சுவரைப் பார்த்து.

ஜெமிமா அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா" என்றார் மார்த்தாள். "அடக்கத்துல பாட்டு பாடினாங்களா?"

பரந்தாமன் திணறினார். "லாட்ஜ்காரங்க ரெண்டு பேர் நின்னாங்களாம்மா. சர்ச்சு ஐயர் ஒருத்தர் வந்து அவங்க பாஷையில ஜெபம் பண்ணாராம். பாட்டு பத்தி காவக்காரன் ஒண்ணும் சொல்லல."

"அப்ப பாடல."

மார்த்தாள் கண்ணை மூடிக்கொண்டார். அடக்கத்துக்குப் பாடுகிற கீர்த்தனையை ஆரம்பித்தார். மூச்சு போதவில்லை. இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நின்று நின்று பாடினார். ஜெமிமா கூடச் சேர்ந்துகொண்டாள். இரண்டாம் சரணத்தில் மூன்றாவதாக ஒரு குரல் வந்தது. வேடியப்பன் நிமிர்ந்து பார்த்தான். பரந்தாமன் பாடிக்கொண்டிருந்தார். இந்தத் தெருத் தேவாலயத்தில் எத்தனை அடக்கத்தை வீடியோ எடுத்தாரோ, ஒரு வார்த்தை தப்பாமல் வந்தது. பாட்டுத் தெரியாத ஒரே ஆளாக வேடியப்பன் எழுந்து நின்றான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிளேயரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்தது. மார்த்தாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"ஞாயித்துக்கிழமை கோயில்ல அவனுக்கு ஆராதனை வைக்கணும். நீ வந்து முன் பெஞ்சுல உக்காரு."

"அம்மா, நானு... முன் பெஞ்சு உங்க குடும்பத்துக்கும்மா. நான் வேற..."

"உன்னை மன்னிச்சனா இல்லையான்னு எனக்கே இன்னும் தெரியல, நைனா. அது அப்புறம். எம்புள்ள மேல மண்ணு போட்டது நீ ஒருத்தன்தான். பின்னாடி உக்காந்தீன்னா எனக்கு அசிங்கம்."

பரந்தாமன் அப்போதுதான் உடைந்தார். மார்த்தாள் அவரைத் தேற்றவில்லை, விலக்கவும் இல்லை. அழுது முடிக்கட்டும் என்று கீரைத் தட்டைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு வேடியப்பனைப் பார்த்து, "தம்பி, ஜெபசெல்விக்குப் போன் போடு" என்றார்.

வேடியப்பன் நம்பரை அழுத்தி, மணி போனதும் போனை அவர் காதில் வைத்தான்.

"ஜெபசெல்வி, நான்தான். அழாம கேளு. ஞாயித்துக்கிழமை உங்கண்ணனுக்கு அடக்க ஆராதனை. வெள்ளைப் புடவை எடுத்துகினு வா. திங்கக்கிழமை காலையில என்னைக் கூட்டிகினு வேலூருக்குப் போ."